லேப்டாப் எத்தனை வருஷம் உழைக்கும், எப்போது மாற்ற வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போனால், "இது ரொம்பப் பழசு சார், புதுசா வாங்கிடுங்க" என்ற பதில் சுலபமாக வந்துவிடுகிறது. பல வீடுகளில் லேப்டாப் என்பது ஒரு மாதச் சம்பளம், சில வீடுகளில் இரண்டு மாதச் சம்பளம். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு பணத்தை எடுத்து வைக்கக் கூடாது. லேப்டாப் ஒரேயடியாகப் பழசாவதில்லை. பேட்டரி ஒரு வயதில் தளரும், திரையை உடம்போடு இணைக்கும் கீலான ஹிஞ்ச் ஒரு வயதில் உடையும், சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு தேதியோடு கைகழுவும். எது போயிருக்கிறது, அதை மட்டும் மாற்ற முடியுமா, மாற்றினால் கட்டுப்படியாகுமா என்று பார்த்த பிறகுதான் புதுசைப் பற்றி யோசிக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

பொதுவாக ஒரு லேப்டாப் எத்தனை வருஷம் உழைக்கும்?

குறைந்த விலையில் வாங்கும் பிளாஸ்டிக் பாடி லேப்டாப் நாலைந்து வருஷம் பெரிய தொந்தரவில்லாமல் ஓடினால், கொடுத்த காசுக்கு நியாயமாக உழைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஆபீஸ்களுக்கென்றே செய்யப்படும் வரிசைகள் உண்டு: லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக். இவை ஏழெட்டு வருஷத்தைச் சாதாரணமாகத் தாண்டும். உள்ளே இருக்கும் பிராசஸர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. ஹிஞ்ச் உட்காரும் இடம் கெட்டியாக இருக்கும், அடிமூடியைக் கழற்றுவது சுலபம், உதிரி பாகங்கள் பல வருஷத்துக்குக் கடைகளில் கிடைக்கும்.

கேமிங் லேப்டாப் வேறு கதை. அதன் வேகம் ஆறேழு வருஷத்துக்குப் போதுமானதாக இருக்கும். ஆனால் அது கக்கும் சூட்டைப் பராமரிக்காமல் விட்டால் அதில் பாதி வருஷத்திலேயே மதர்போர்டு கோளாறு வரும்.

கம்பெனிகள் மூன்று வருஷத்தில் மாற்றிவிடுகின்றனவே. அப்படியானால் ஆயுள் மூன்று வருஷம்தானா?

இல்லை, அது கணக்கு எழுதுவதற்கான ஆயுள். இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, லேப்டாப், டெஸ்க்டாப் போன்றவற்றின் பயன்பாட்டு ஆயுளை 3 வருஷம் என்றும் சர்வர்களுக்கு 6 வருஷம் என்றும் வைத்திருக்கிறது. கம்பெனிகள் எடுக்கும் வாரண்டியும் பெரும்பாலும் மூன்று வருஷம். இரண்டும் ஒன்றாக முடியும்போது மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருப்பவைதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய லேப்டாப்) என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். உங்கள் ஆபீஸ் மூன்று வருஷத்தில் மாற்றுகிறது என்பதற்காக வீட்டு லேப்டாப்பையும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் எது போகும்?

பேட்டரி. கிட்டத்தட்ட எல்லா லேப்டாப்பிலும் இதுதான் முதல்.

லித்தியம் அயன் பேட்டரி இரண்டு வழிகளில் தளர்கிறது. ஒன்று, சார்ஜ் ஏற்றி இறக்குவது. மொத்தமாக நூறு சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள் என்று கணக்கு. இன்று பாதி, நாளை பாதி என்றாலும் சேர்த்து ஒன்றுதான். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சைக்கிளுக்குள் தங்கள் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இப்போது வரும் சில பேட்டரிகள் 1000 வரை தாங்கும். இன்னொன்று, சும்மா இருந்தாலும் வயதாவது. சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். மே மாதத்தில் மாடி அறையில் எப்போதும் நூறு சதவீதத்தில் சார்ஜரோடு இருக்கும் லேப்டாப்பின் பேட்டரி, சைக்கிள் கணக்கு குறைவாக இருந்தும் சீக்கிரமே தளர்வது இதனால்தான்.

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரே ஒரு வரி கொடுத்தால் பேட்டரி ரிப்போர்ட் என்று ஒரு பக்கம் உருவாகும். 'விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்' என்று தேடினால் அந்த வரி கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, சைக்கிள் கவுண்ட். முதலாவது 41,000 என்றும் இரண்டாவது 24,600 என்றும் இருந்தால் பேட்டரியில் 60 சதவீதம் மிச்சம் இருக்கிறது. 80-க்கு மேல் இருந்தால் நல்லது. 60-க்குக் கீழே போனால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். எப்போதும் மேஜையில் வைத்துத்தான் வேலை என்றால் இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்.

கடையில் புது பேட்டரி போட்டதும் அங்கேயே நின்று இதே ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். சைக்கிள் கவுண்ட் பூஜ்யமோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும், கெப்பாசிட்டி பழைய பேட்டரியின் டிசைன் கெப்பாசிட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட் பேட்டரிகளில் பல இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

சார்ஜரை எப்போதும் மாட்டியே வைக்கலாமா?

வைக்கலாம். நூறு ஆனதும் லேப்டாப்பே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும். "ஓவர் சார்ஜ் ஆகி வெடிக்கும்" என்பது பழைய பயம். ஆனால் நூறிலேயே நிற்பதும் பேட்டரிக்கு ஆகாது. லெனோவோவில் கன்சர்வேஷன் மோட், அசுஸில் மைஅசுஸ் ஆப், டெல், ஹெச்பியில் பயாஸ் (ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் என்று பெரும்பாலான கம்பெனிகள் சார்ஜை 80 அல்லது 60 சதவீதத்தில் நிறுத்தும் வசதி கொடுத்திருக்கின்றன. மேஜையை விட்டு அதிகம் நகராத லேப்டாப் என்றால் இதை இன்றே போட்டு வையுங்கள். செலவில்லாமல் ஆயுளை நீட்டிக்கும் வேலைகளில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, கிளிக் ஆக மாட்டேன் என்கிறது. அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமா?

பெரும்பாலும் உண்டு. பேட்டரி உப்பியிருக்கும். டச்பேட் பல மாடல்களில் பேட்டரிக்கு நேர் மேலே இருக்கும், உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி வீங்கும்போது அது மேலே தள்ளப்படும். மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது, அடிமூடி நடுவில் பிதுங்கியிருக்கிறது என்றாலும் இதே அர்த்தம்தான். உடனே ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று ஓட்டவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரியை மாற்றிவிட்டால் லேப்டாப் பழையபடி ஓடும். இதற்காக லேப்டாப்பையே தூக்கிப் போட வேண்டாம்.

ரொம்ப ஸ்லோ ஆகிவிட்டது. ஆன் ஆகவே ஐந்து நிமிடம். மாற்றிவிடலாமா?

முதலில் அதற்குள் சுழலும் தட்டில் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா, சிப்பில் சேமிக்கும் வேகமான எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் டிஸ்க் என்பதற்குக் கீழேயே எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க்காக இருந்து, எதுவும் செய்யாதபோதே அது 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால் நோய் அதுதான். இப்போதைய விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் மூச்சுத் திணறும். எஸ்.எஸ்.டி. போட்டால் ஐந்து நிமிடம் என்பது அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆறு வருஷப் பழைய லேப்டாப்பைப் புதுசு மாதிரி உணர வைக்கும் ஒரே மாற்றம் இது.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி. நீங்கள் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு அதே இடத்தில் மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி இன்று பிரவுசருக்கே பத்தாது. 8 ஜிபி சமாளிக்கும். 16 இருந்தால் நிம்மதி. உங்கள் மாடலில் ரேம் மாட்ட இடம் இருக்கிறதா, இல்லை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்களா என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்குப் பதில் ஒன்று பொருந்தாது.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி. விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் போய்ச் சேருவதுதான் முக்கியக் காரணம். அதனால் புது லேப்டாப்பின் விலையும் ஏறுகிறது. இருப்பதையே ஓட்ட முடிந்தால் ஓட்டுவதற்கு இது இன்னொரு காரணம். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரேம் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், ரேம் சுலபத்தில் தேயும் பொருள் இல்லை.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும் என்கிறார்களே?

தேயும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ஜிபி சாம்சங் 860 ஈவோ என்ற எஸ்.எஸ்.டி.க்கு அந்தக் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் 300 டெராபைட் (ஒரு டெராபைட் சுமார் 1000 ஜிபி) எழுதும் வரை. தினமும் 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 7.3 டெராபைட். 40 வருஷம் வரும். அதற்கு முன்னால் மற்ற எல்லாம் போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் உள்ள உண்மையான ஆபத்து வேறு: ஹார்ட் டிஸ்க் மாதிரி கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்காது, ஒரு நாள் அப்படியே காணாமல் போகும். கல்யாண போட்டோவும் பிள்ளையின் ப்ராஜெக்ட்டும் அதில் மட்டும்தான் இருக்கின்றன என்றால் இன்றே இன்னொரு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

ஃபேன் இரைந்துகொண்டே இருக்கிறது, மடியில் வைக்க முடியாத சூடு. ஆயுள் முடிகிறதா?

ஆயுள் முடியவில்லை, தூசி சேர்ந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் நல்ல லேப்டாப்களைச் சாகடிப்பதில் முதல் இடம் இதற்குத்தான்.

லேப்டாப் அடியில் உள்ள துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஃபேன் அதை மெல்லிய உலோகத் தகடுகளின் அடுக்கு வழியாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பிராசஸரின் சூடு ஒரு செம்புக் குழாய் வழியாக அந்தத் தகடுகளுக்கு வந்து காற்றோடு வெளியேறுகிறது. இந்த ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் பிரச்சினை. துணி நூல், தலைமுடி, தெருப் புழுதி எல்லாம் அங்கே போய்ப் படிந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல ஒரு படலம் உருவாகிவிடும். கத்தி முனையால் நெம்பினால் முழுசாக உரிந்து வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. துளைகள் சுத்தமாகத்தான் இருக்கும், உள்ளே காற்று போக வழியே இருக்காது.

சூடு 95, 100 டிகிரியை எட்டியதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நமக்கு அது ஸ்லோவாகத் தெரியும். "பழசாகிவிட்டது" என்று பேர் வைத்துவிடுவோம். வெளியில் 40 டிகிரி வெயில் என்றால் உள்ளே போகும் காற்றே சூடு, நிலைமை இன்னும் மோசம். தொடர்ந்து இப்படி ஓடினால் பிராசஸர் தாக்குப்பிடித்தாலும் பக்கத்தில் உள்ள மின் பாகங்கள் தாக்குப்பிடிக்காது. பேட்டரியும் சேர்ந்து சூடேறிச் சீக்கிரம் தளரும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அடிமூடியைத் திறந்து சுத்தம் செய்துவிட வேண்டும். மூன்று நான்கு வருஷமானால் பிராசஸரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள், காய்ந்து தூளாகியிருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். அப்புறம், மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்துப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அடித்துளை மொத்தமாக மூடிக்கொள்கிறது. ஒரு பரீட்சை அட்டை வைத்தால்கூடப் போதும்.

திறக்கும்போது ஹிஞ்ச் பக்கம் 'டக்' என்று சத்தம் வருகிறது. பார்த்துக்கொள்ளலாமா?

பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அந்த வாரமே கடைக்குக் கொண்டு போங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், ஹிஞ்ச் இரும்பு. அதை லேப்டாப் உடம்போடு பிடித்திருப்பது சின்னச் சின்னப் பித்தளை நட்டுகள். அந்த நட்டுகளைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள், வேறு பிடிமானம் கிடையாது. வருஷம் போகப் போக ஹிஞ்ச்சில் உள்ள கிரீஸ் காய்ந்து இறுகும். நீங்கள் திரையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இறுக்கம் முழுக்க நட்டைத்தான் இழுக்கிறது. ஒரு நாள் பிளாஸ்டிக் விரிந்து நட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதுதான் அந்தச் சத்தம். திறக்கும்போது திரையின் சட்டம் மூலையில் வாய் பிளக்கிறது, கீபோர்டு ஓரம் தூக்குகிறது என்றால் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

ஆரம்பத்திலேயே போனால் ஹிஞ்ச்சின் இறுக்கத்தைத் தளர்த்தி, நட்டை எப்பாக்சி வைத்துப் பிடிக்கவைத்துவிடுவார்கள். செலவு குறைவு. விட்டுவிட்டால் பிளாஸ்டிக் பாடியை மாற்ற வேண்டும். இன்னும் விட்டால் திரைக்குப் போகும் கேபிள் அறுபடும், திரையே விரிசல் விடும். அப்போது ரிப்பேர் தொகை பழைய லேப்டாப்பின் மதிப்பையே தொட்டுவிடும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல், மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறக்கும் பழக்கம் இருந்தால் ஹிஞ்ச் பல வருஷம் கூடுதலாக வரும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

காபி கொட்டிவிட்டது.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், கவிழ்த்து வையுங்கள். ஆன் ஆகிறதா என்று சோதிக்காதீர்கள். அரிசி டப்பாவில் போடுவதால் ஒரு பயனும் இல்லை. அன்றைக்கே திறந்து சுத்தம் செய்தால் பெரும்பாலும் பிழைக்கும். சர்க்கரை கலந்தது என்றால் காய்ந்த பிறகும் போர்டை அரித்துக்கொண்டே இருக்கும்.

என் லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10. இனி என்ன செய்வது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. லேப்டாப் ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. நெட் பேங்கிங்கும் ஆதார் வேலையும் செய்யும் இயந்திரத்தை அப்படியே விட்டு வைப்பது சரியில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் திருத்தங்கள் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் இலவசம்.

அதற்குள் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்துவிடுங்கள். பிராசஸர் பெயரில் உள்ள எண்ணே பாதி பதிலைச் சொல்லும். ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-1135 என்றால் பதினொன்று. இன்டெலில் எட்டும் அதற்கு மேலும் இருந்தால் ஏறும், ஏழும் அதற்குக் கீழும் அநேகமாக ஏறாது. ஏஎம்டி லேப்டாப்களில் ரைசன் 3000 வரிசையிலிருந்து கணக்கு. தகுதி இருந்தும் "ஏறாது" என்று காட்டினால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை ஆன் செய்தாலே பல லேப்டாப்கள் தேறிவிடும்.

ஏறவே ஏறாது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். பிரவுசர், யூடியூப், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் அதில் வேலை செய்யும். மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. டேலி, போட்டோஷாப், ஏதாவது அரசுத் தளத்துக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று விண்டோஸையே நம்பிய வேலை இருந்தால் மட்டும் லினக்ஸ் சரிவராது. அந்த நிலையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருக்கும் இயந்திரம் ஒரு தேதியால் வீணாவது எனக்குக் கோபம் வரும் விஷயம். ஆனால் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாது.

மேக்புக்?

நன்றாக உழைக்கும். பேட்டரிக்கு ஆப்பிளே 1000 சைக்கிள் சொல்கிறது. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் இன்றும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஃபேனே இல்லாததால் தூசித் தொல்லையும் இல்லை. இன்டெல் மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மேக்ஓஎஸ் 26 டாஹோதான் இன்டெலுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது, அதுவும் சில இன்டெல் மாடல்களில்தான் ஏறும். விற்பனை நிறுத்தி 7 வருஷம் ஆன மாடல்களுக்கு ஆப்பிள் பொதுவாக ரிப்பேர் செய்யாது. ரேமும் ஸ்டோரேஜும் போர்டோடு சேர்ந்தே வருவதால் வாங்கும்போதே போதுமான அளவு வாங்கிவிட வேண்டும், பிறகு வழியில்லை.

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது. அது இனி உதவுமா?

எந்த வருஷத்துடையது என்பதைப் பொறுத்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்ப வருஷங்களில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தத் தலைமுறை லேப்டாப் இன்றைய இணையத்துக்குத் தாக்குப்பிடிக்காது. டைப்பிங் பழக, பாட்டு கேட்க, குழந்தைக்குப் படம் வரையப் பயன்படும். 4 ஜிபி ரேமோடு வந்த பிந்தைய வருஷத்து மாடல் என்றால், ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் போட்டுப் பள்ளிப் பாடத்துக்குத் தாராளமாக ஓட்டலாம். பல வருஷம் பரணில் கிடந்த பேட்டரியை மட்டும் நம்ப வேண்டாம், கழற்றிவிட்டு அடாப்டரில் ஓட்டுங்கள்.

"மதர்போர்டு போயிடுச்சு" என்கிறார்கள். கதை முடிந்ததா?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு போர்டையும் மாற்றும் விலையைத்தான் சொல்வார்கள். அது பெரும்பாலும் கட்டாது. ஆனால் போர்டில் போயிருப்பது பல நேரம் சார்ஜிங் ஐசி, ஒரு ஷார்ட் ஆன கெப்பாசிட்டர், ஒரு மாஸ்ஃபெட் மாதிரி சின்னப் பாகம். சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் ஒரு தடவை காட்டாமல் முடிவெடுக்காதீர்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கேளுங்கள், பெயர் சொல்லத் தெரிந்தவர் வேலை தெரிந்தவர். வேலைக்கு எத்தனை மாத வாரண்டி என்றும் கேளுங்கள். கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடேற்றி உட்கார வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். சில வாரங்களோ சில மாதங்களோ ஓடிவிட்டு மறுபடி போகும்.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது?

இன்றைக்கு இதே மாடல் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். ரிப்பேர் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். நீங்கள் வாங்கிய விலையோடு ஒப்பிடாதீர்கள், அந்தப் பணம் போய்விட்டது.

ஒரே வருஷத்தில் இரண்டு பெரிய பாகங்கள் போனாலும் மாற்றிவிடலாம். திரையும் போய் போர்டும் போன லேப்டாப்பில் அடுத்தது எது என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ரேம் சால்டர் செய்யப்பட்டு 4 ஜிபியோடு நிற்பது, பாதுகாப்புத் திருத்தம் நின்று லினக்ஸும் ஒத்துவராமல் போவது, இவையும் காரணங்கள்தான். இன்னொன்று உங்கள் வேலை மாறுவது. கல்லூரியில் வேர்டு மட்டும் தட்டியவர் வீடியோ எடிட்டிங்குக்கு வந்துவிட்டால் பழைய லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது.

புது மாடல் வந்துவிட்டது, ஏஐ பட்டன் வந்துவிட்டது என்பதெல்லாம் காரணம் இல்லை.

புதுசு வாங்கினால் நீண்ட நாள் உழைக்க எதைப் பார்க்க வேண்டும்?

பிராசஸரில் ஒரு படி குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, 16 ஜிபி ரேம் வாங்குங்கள், அல்லது 8-ஓடு ஒரு ஸ்லாட் காலியாக இருப்பதை வாங்குங்கள். அந்த மாடலைத் திறந்து காட்டும் வீடியோ ஒன்றை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா, ரேம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கடையில் திரையைத் திறந்து மூடி, ஹிஞ்ச் பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதும் முக்கியம். திருநெல்வேலியில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

ரீஃபர்பிஷ்டு வாங்கலாமா?

பட்ஜெட் குறைவு என்றால், மட்டமான புது லேப்டாப்பைவிட மூன்று நான்கு வருஷம் ஓடிய திங்க்பேட்டையோ லாட்டிட்யூடையோ நான் சிபாரிசு செய்வேன். எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள், பயாஸுக்குள் போய் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். பழைய கம்பெனியின் பூட்டு உள்ளே இருந்தால் விண்டோஸை மறுபடி ஏற்றும்போது அந்தக் கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும், அதை வாங்கவே கூடாது. எல்லா போர்ட்டிலும் ஒரு பென் டிரைவ் செருகுங்கள், வெள்ளைப் பின்னணியில் திரையைப் பாருங்கள், அரை மணி நேரம் யூடியூப் ஓடவிட்டு சூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் சிக்கல் உங்களுக்கு.

பழைய லேப்டாப்பை என்ன செய்வது?

ஓடுகிறது என்றால் படிக்கும் பிள்ளை யாருக்காவது கொடுங்கள். ஒரு லேப்டாப்பால் ஏற்படும் கார்பன் வெளியேற்றத்தில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது, நாம் செலவழிக்கும் கரண்டில் அல்ல. அதனால் அது இன்னும் இரண்டு வருஷம் யாரிடமாவது ஓடுவது பெரிய விஷயம்.

கொடுப்பதற்கு முன்னால் விண்டோஸ் ரீசெட்டில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய்யும் தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள். சும்மா டெலீட் செய்தது அழிந்ததாகாது. லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கேசிங் வாங்கிப் போட்டால் அது பென் டிரைவ் மாதிரி பயன்படும். விண்டோஸ் 11-ல் டிரைவ் பல நேரம் தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பால் பூட்டப்பட்டிருக்கும். அதற்கான ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக் குறித்து வையுங்கள்.

சுத்தமாகப் போய்விட்டது என்றால் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். செம்புக்காக வயரை எரிப்பதும் தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் போடுவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. லித்தியம் பேட்டரி நசுங்கினால் குடோனே எரியும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, விற்ற பொருளின் அளவுக்கேற்ப மறுசுழற்சி செய்து காட்டும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. உங்கள் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் ரீசைக்கிளிங் என்ற பக்கத்தில் எங்கே ஒப்படைக்கலாம் என்று இருக்கும். பெரிய கம்பெனிகள் பல வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கின்றன.